பாங்காக்கில் குடித்தனம்: புதிதாகப் போகிறவர்களுக்கு

தாய்லாந்தில் முதல் மாதம் யாருக்கும் கஷ்டம் தெரியாது. திரும்பிய பக்கமெல்லாம் சிரித்த முகம், நள்ளிரவிலும் தெருவோரத்தில் சூடான சாப்பாடு, வரிசையில் நின்று ஏறும் ரயில். ஊருக்குப் போன் போட்டு, "இதைவிட நல்ல ஊர் கிடையாது" என்பார்கள். மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் பேச்சு மாறும். வருகிறேன் என்று சொன்ன ஏ.சி. மெக்கானிக் வரவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சக ஊழியர் வேலையைத் தொடவே இல்லை. வீட்டுக்கார அம்மாள் முன்பு போல முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன தப்பு செய்தோம் என்றும் புரியவில்லை.

பாங்காக்குக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்து இறங்குகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, குடிவரவு அலுவலகத்துக்குத் துணைக்குப் போவது என்று நெடுங்காலமாக இருந்துவருகிறேன். அதிகம் கேட்பது இந்த மூன்று புகார்களைத்தான். மூன்றுக்கும் வேர் ஒன்றே. தாய்லாந்துக்காரர்கள் சொல்லாமல் சொல்வதை நாம் கவனிப்பதில்லை. நாம் கேள்வி கேட்கும் விதமும், கேட்கும் குரலும் அவர்களுக்கு உண்மையைச் சொல்ல வழிவிடுவதில்லை. விசாவையும் வாடகையையும் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். மற்றச் சிக்கல்களில் பாதி வராமலே போகும்.

'முடியுமா?' என்று கேட்காதீர்கள்

முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது தாய்லாந்தில் அபூர்வம். எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, அவர் ஆசையைப் பட்டென்று ஒடிக்கக் கூடாது என்பது அங்கே சிறுவயதிலிருந்தே பழக்கப்படுத்தும் மரியாதை. அதனால் "நாளைக்கு வந்துவிடுவீர்களா?" என்று கேட்டால் "வருகிறேன்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் உங்கள் மனசு நோகாமல் இருப்பதற்காகச் சொன்னது. நாளைய திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏப்ரல் மாதத்து வெயில். ஏ.சி. நின்றுபோய்விட்டது. மெக்கானிக்குக்குப் போன் செய்கிறீர்கள். "நாளைக்குக் காலையில் வர முடியுமா?" என்பது நம் வழக்கமான கேள்வி. அதை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்த வாரம் உங்களுக்கு எந்த நாள் வேலை குறைச்சல்?" மறுமுனையில் சற்று மௌனம். யாரிடமோ ஏதோ கேட்பார். பிறகு, "வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல்" என்பார். அது நிஜமான வியாழக்கிழமை. உடனே லைன் செயலியில் வீட்டு இருப்பிடத்தையும், ஏ.சி.யின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் எண் தாளைப் படம் எடுத்தும் அனுப்புங்கள். வியாழன் காலையில் கைகூப்பும் ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பி வையுங்கள். "மறந்துவிடாதீர்கள்" என்று எழுத வேண்டியதில்லை. அவருக்குப் புரியும். வர முடியாமல் போனால், அந்த ஸ்டிக்கருக்குப் பதிலாக வேறு நாளைச் சொல்ல அவருக்கும் ஒரு வழி கிடைக்கிறது.

இதே முறைதான் எல்லா இடத்துக்கும். "இந்த வழியாகப் போனால் ரயில் நிலையம் வருமா?" என்று கேட்டால் தலையாட்டுவார்கள். "ரயில் நிலையத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று சக ஊழியரிடம் கேட்டால் புரிந்தது என்பார். "இதில் முதலில் எதைத் தொடங்கலாம்?" என்று கேட்டால் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியையே தவிர்த்துவிடுங்கள்.

'முடியாது' என்பதன் வேறு முகங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது ஒன்று. பதில் சொல்லாமல் சிரிப்பது ஒன்று. "கொஞ்சம் கஷ்டம், பார்க்கலாம்" என்பது கிட்டத்தட்ட முடிவான மறுப்பு. லைனில் செய்தியைப் படித்த அடையாளம் இருந்தும் பதில் இல்லை என்றால் அதுவும் மறுப்புதான். மறுபடி மறுபடி அனுப்பி நெருக்காதீர்கள். அலுவலகக் கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை என்பதால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கூட்டம் முடிந்தபின் காபி வாங்கப் போகும் வழியில் ஒருவரைத் தனியாகக் கேளுங்கள். உண்மையான கருத்து அங்கேதான் வரும்.

குரல் உயர்ந்தால் வேலை நின்றுவிடும்

நம் ஊரில் கவுன்ட்டரில் சற்றுச் சத்தம் போட்டால் மேலாளர் வெளியே வருவார், வேலை நடக்கும். தாய்லாந்தில் சத்தம் போட்ட கணத்தில் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பயனில்லை. கவுன்ட்டரில் இருப்பவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு கேலி இல்லை, கூனிக்குறுகிப்போய் வருவது. அதோடு உங்கள் காகிதம் அடுக்கின் அடியில் போய்விடும். நான் பார்த்த வரையில் புதியவர்கள் இழக்கும் நல்லெண்ணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. அதைத் திரும்பப் பெறுவது லேசல்ல.

புகார் இருந்தால், குரலைத் தாழ்த்தி, உதவி கேட்பது போலக் கேளுங்கள். "இதை எப்படிச் சரிசெய்யலாம்? எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்." உட்கார்ந்து பொறுமையாக இருப்பவருக்கு அங்கே விதிகள் வளைந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். விஷயம் பெரிதென்றால், இரு தரப்புக்கும் தெரிந்த, வயதில் மூத்த ஒருவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் தரைத்தளத்தில் இருக்கும் நிர்வாக அலுவலகம் இந்த வேலையை நன்றாகவே செய்யும்.

கோபத்தை இணையத்தில் கொட்டுவது அதைவிட ஆபத்து. தாய்லாந்தில் அவதூறு ஒரு குற்றவியல் வழக்கு. குற்றவியல் சட்டத்தின் 328ஆம் பிரிவின்படி, பிரசுரம் செய்து அவதூறு பரப்பினால் 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் பாட் வரை அபராதம். 2020இல் கோ சாங் தீவில் தங்கிய வெளிநாட்டவர் ஒருவர், விடுதியைப் பற்றி இணையத்தில் கடுமையாக எழுதியதற்காகக் கைதாகிச் சில நாள் காவலில் இருந்தார். பிறகு சமரசமாக முடிந்தது. ஓட்டலோ கடையோ மருத்துவமனையோ, விமர்சனம் எழுதுவதாக இருந்தால் நடந்ததை மட்டும் நிதானமாக எழுதுங்கள். 'ஏமாற்றுக்காரர்', 'திருடர்' என்ற சொற்களைத் தொடவே வேண்டாம்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

இந்த இடத்தில் தமிழர்களுக்கு நல்ல அனுகூலம் உண்டு. முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா, தம்பி என்று கூப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேயும் அப்படித்தான். உங்களைவிட மூத்தவர் ஆணோ பெண்ணோ, 'பீ'. இளையவர் 'நோங்'. உணவகத்தில் பரிமாறும் பிள்ளையை 'நோங்' என்று மெல்ல அழைக்கலாம். மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிற ஆரஞ்சு சட்டைக்காரர் 'பீ'. இதனால்தான் அறிமுகமான சில நிமிடங்களிலேயே வயதைக் கேட்பார்கள். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். எங்கே போகிறாய், சாப்பிட்டாயா என்று வழியில் கேட்பதும் நம் தெருவில் கேட்பது போலத்தான். "சும்மா இப்படி", "சாப்பிட்டாச்சு" என்றால் போதும்.

அலுவலகத்தில் பெயருக்கு முன் 'குன்' சேர்த்து அழைப்பது மரியாதை. முதல் பெயரைத்தான் பயன்படுத்துவார்கள். குடும்பப் பெயர் அங்கே சட்டப்படி கட்டாயமானதே 1913இல், ஆறாம் ராமா மன்னர் காலத்தில்தான். தினசரிப் பேச்சில் அதற்கு இடமில்லை. இது தவிர எல்லோருக்கும் ஒரு செல்லப் பெயர் இருக்கும். ஆப்பிள், பென்ஸ், பேங்க் என்றெல்லாம் கேட்கும்போது சிரித்துவிடாதீர்கள். அந்தப் பெயரில்தான் உடன் வேலை செய்கிறவர்கள் அனைவரும் அவரை அறிவார்கள். வாக்கியம் முடிவில் ஆண்கள் 'க்ரப்', பெண்கள் 'கா' என்று சேர்க்கும் பழக்கத்தை வந்த அன்றே தொடங்கிவிடுங்கள். மற்ற மொழியெல்லாம் தப்பாக இருந்தாலும் இந்த ஒன்று மன்னிக்க வைக்கும்.

கைகூப்புவதில் மட்டும் நம் பழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். இளையவர்தான் முதலில் கூப்புவார், மூத்தவர் பதிலுக்குக் கூப்புவார். மரியாதை கூடக்கூட விரல்நுனி மேலே போகும், தலை தாழும். கடைப் பணியாளரும் காவலாளியும் கூப்பினால் ஒரு புன்னகையோடு தலையசைத்தால் போதும். குழந்தைகளுக்கு நீங்கள் முந்திக்கொண்டு கைகூப்புவது அவர்களைப் பெற்றவர்களைச் சங்கடப்படுத்தும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது தலை விஷயத்தில். நமக்குக் குழந்தையைக் கண்டால் கை தானாகத் தலையைத் தடவப் போகும். ஆசீர்வாதம் என்று நினைப்போம். அங்கே தலை உடம்பின் மிகப் புனிதமான பகுதி. முன்பின் தெரியாதவர் அதைத் தொடக் கூடாது. காலால் எதையும் நகர்த்துவதும், காலை நீட்டி ஒருவரைச் சுட்டுவதும் நமக்கே பிடிக்காது; அங்கே அதைவிடக் கண்டிப்பு.

சாப்பாட்டு மேசை

தட்டில் சோறு, நடுவில் பொதுவான பதார்த்தங்கள். கரண்டி வலக்கையில், முள்கரண்டி இடக்கையில். முள்கரண்டியால் தள்ளி, கரண்டியால் சாப்பிடுவார்கள். முள்கரண்டி வாய்க்குப் போகாது. குச்சி நூடுல்ஸுக்கு மட்டும். வடகிழக்கின் ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே நேரத்தில் தட்டில் குவித்துப் பிசையாதீர்கள். ஒரு பதார்த்தத்தில் ஒன்றிரண்டு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு அடுத்தது. நூடுல்ஸ் கடை மேசையில் மிளகாய்த் தூள், சர்க்கரை, மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாறு என்று நான்கு சீசாக்கள் இருக்கும். முதலில் ருசி பாருங்கள், பிறகு வேண்டியதைச் சேருங்கள். சமைத்தவர் தப்பாக நினைக்க மாட்டார்.

சைவர்களுக்கு இது விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால், குழம்பு விழுதில் இறால் விழுது. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் இறைச்சியை மட்டும்தான் விடுவார்கள். கூட்டமான கடையில் நின்று ஒவ்வொன்றாகக் குறுக்கு விசாரணை செய்தால், கடைக்காரர் உங்களைச் சமாதானப்படுத்த எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பார். அதைவிட, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைத் தேடுங்கள். அது சீன வழிச் சைவமான 'ஜே' உணவு. முட்டை, பால், மீன் சாறு எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் நடக்கும் ஜே விழாவின்போது நாடு முழுவதும் இந்தக் கொடி பறக்கும். புக்கெட்டில் அதுவே பெருந்திருவிழா. மற்ற நாட்களில் "மை சை நாம் ப்லா" என்று சொல்லப் பழகுங்கள். மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம்.

நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டால் பில்லைப் பங்குபோட முந்தாதீர்கள். அழைத்தவரோ, மூத்தவரோ கொடுப்பது வழக்கம். அடுத்த முறை பழமோ இனிப்போ நீங்கள் வாங்கிச் செல்லுங்கள். ஊருக்குப் போய் வந்தால் அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் முறுக்கு. வெளியூர் போனவர் தின்பண்டம் கொண்டு வராமல் திரும்புவதில்லை அங்கே. கணக்காளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும்படி இருக்க வேண்டும்.

வீடும் காகிதமும்

வாடகைக்கு வீடு எடுக்கும்போது பொதுவாக இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை முன்கூட்டி. சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு கீறலையும், மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு லைனில் அனுப்பிவிடுங்கள். மின்கட்டணத்தை விசாரியுங்கள். தனித்தனி உரிமையாளர் உள்ள கொண்டோ வீடுகளில் பெருநகர மின்சார ஆணையத்துக்கு நேரடியாகக் கட்டலாம். மொத்தக் கட்டடமும் ஒருவருக்கே சொந்தமான அடுக்கு வீடுகளில் யூனிட்டுக்கு 7, 8 பாட் வரை கேட்பது சகஜம். அரசு விலை ஏறக்குறைய அதில் பாதி. நாள் முழுக்க ஏ.சி. ஓடுகிற ஊரில் இது சின்னத் தொகை இல்லை.

வாடகையைவிட முக்கியம் 'டிஎம் 30'. வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1979ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் விதி அது. அந்த ரசீது இல்லாமல் பின்னால் விசா நீட்டிப்புக்குப் போனால் திருப்பி அனுப்பலாம். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். இங்கும் "செய்வீர்களா?" என்ற கேள்வி வேண்டாம். "இதற்கு முன் இருந்த வெளிநாட்டவருக்கு எப்படிப் பதிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு வீடு பாருங்கள்.

நீண்ட கால விசாவில் இருப்பவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்னதாகவோ 7 நாள் பின்னதாகவோ செய்யலாம். தவறினால் 2,000 பாட் அபராதம். இந்த அறிவிப்பு விசாவை நீட்டிக்காது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியே போனால் விசாவே போய்விடும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அவசரமாக ஊருக்கு ஓட வேண்டியிருந்தால் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே வாங்கலாம். விசா முடிந்து தங்கினால் நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. பணத்தோடு முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள்: 90 நாளுக்கு மேல் தாண்டினால், தானே போய்ச் சரணடைந்தாலும் ஓராண்டு நுழைவுத் தடை உண்டு. 2025 மே 1 முதல் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவர் எல்லோரும் மின்னணு வருகை அட்டையை வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் போலி.

குடிவரவு அலுவலகத்துக்குப் போகும் நாளில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பாஸ்போர்ட் நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, எந்தக் காரியத்துக்கு என்று குறுக்கே எழுதிவிடுங்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். நகல் வேறு கைக்குப் போனாலும் உதவாது.

தேதியைப் பார்க்கும்போது புத்த ஆண்டு நினைவிருக்கட்டும். நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2026 அங்கே 2569. பால் பாக்கெட்டில் கடைசி இரு எண் 69 என்று இருந்தால் பதற வேண்டாம். நேரத்தில்தான் பெரிய குழப்பம். பேச்சு வழக்கில் இரவு ஏழு மணியிலிருந்து ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ணுவார்கள். இரவு 'சோங் தும்' என்றால் எட்டு மணி. 'சோங்' இரண்டு என்று மட்டும் தெரிந்தவர் மத்தியானமே போய் நிற்பார். எந்தச் சந்திப்பானாலும் 20.00 என்று எண்ணில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

மன்னர், கொடி, பிக்கு

இதில் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்கிறேன். அரச குடும்பத்தைப் பற்றி வாயால் பேசவோ, எழுதவோ, வந்த கேலிச் செய்தியை முன்னனுப்பவோ வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின் கீழ் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவர் என்ற சலுகை கிடையாது. எல்லா பாட் நோட்டிலும் மன்னர் படம் உண்டு. காற்றில் பறக்கும் நோட்டைக் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். நின்றுவிடுங்கள். சட்டம் கண்டிப்பாக இருக்கும் இன்னொன்று: மின் சிகரெட்டுக்கு 2014 முதல் தடை. பெட்டியில் வைத்துக் கொண்டு வராதீர்கள்.

பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. கையிலிருந்து கைக்கு எதையும் கொடுக்கவும் கூடாது. அவர் விரிக்கும் துணியின் மேல் வைக்க வேண்டும். கோயிலில் நமக்குச் சம்மணம் இயல்பு. அங்கே பிக்குகளுக்கும் புத்தர் சிலைக்கும் முன்னால் இரண்டு காலையும் ஒரு பக்கமாகப் பின்னால் மடித்து உட்காருவதுதான் மரியாதை. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஓரத்தில் நாற்காலி இருக்கும், தயங்காமல் கேளுங்கள். சீலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் வந்த தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் உண்டு. உள்ளே நம்மைவிட உள்ளூர் மக்களே அதிகம் கும்பிடுவார்கள். நவராத்திரியில் அந்தத் தெருவையே அடைத்துவிடுவார்கள். ஊர் ஏக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் முகவரி அதுதான்.

துக்க வீட்டுக்குப் போங்கள்

சக ஊழியரின் அப்பா இறந்துவிட்டார் என்று செய்தி வரும். மொழி தெரியாது, முறை தெரியாது என்று பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். போங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வருஷக்கணக்கில் பழகியும் கிடைக்காத நெருக்கம் அந்த ஒரு மாலையில் கிடைக்கும்.

சடங்கு வீட்டில் நடப்பதில்லை. கோயிலோடு சேர்ந்த மண்டபத்தில் மூன்று, ஐந்து அல்லது ஏழு நாள் மாலையில் பிக்குகள் ஓதுவார்கள். கறுப்போ வெள்ளையோ உடுத்துங்கள். ஒரு ஜோடி கறுப்பு உடையை எப்போதும் தயாராக வைத்திருப்பது நல்லது. வாசலில் வரவேற்கும் குடும்பத்தாருக்குக் கைகூப்பிவிட்டு, முதலில் புத்தர் சிலையை வணங்குங்கள். பிறகு இறந்தவரின் படத்துக்கு முன் மண்டியிட்டு ஊதுபத்தி ஏற்றுங்கள். புத்தருக்கு மூன்று ஏற்றுவார்கள். இறந்தவருக்கு ஒன்றே ஒன்று. பிறகு வரிசையில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரலாம். மேடையில் நான்கு பிக்குகள், முகத்துக்கு முன்னால் நீண்ட கைப்பிடி விசிறி. ஓதும்போது கைகளை மார்புக்கு நேராகக் கூப்பி வைத்திருக்க வேண்டும். கை வலித்தால் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள், அவரும் மெல்ல இறக்கியிருப்பார். இடைவேளையில் தின்பண்டப் பெட்டியோ அரிசிக் கஞ்சியோ தருவார்கள், மறுக்காதீர்கள். மலர் வளையங்களுக்கு நடுவே புது மின்விசிறிகள் நிற்பதைப் பார்க்கலாம். வாடிப்போகும் பூவுக்குப் பதிலாக விசிறி அனுப்பினால், பின்னால் கோயிலுக்கோ பள்ளிக்கோ போகும் என்று இப்போது பலர் அப்படிச் செய்கிறார்கள்.

வெள்ளை உறையில் பணம் வைத்து, மேலே உங்கள் பெயரை எழுதிக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். எவ்வளவு என்பதை அலுவலகத்தில் உங்களுக்குச் சமமானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அழுகைச் சத்தம் கேட்காது. உறவினர்கள் மெல்லப் பேசிச் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள். துக்கம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வந்தவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறார்கள். எப்படி இறந்தார் என்று துருவிக் கேட்காதீர்கள். தகன நாளில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் படியேறி, மரச் சீவலிலோ காகிதத்திலோ செய்த சிறு பூவைப் பெட்டியருகே வைத்துவிட்டு இறங்குவார்கள். இறங்கும்போது நினைவுப் பொருள் ஒன்று தருவார்கள். சில குடும்பங்களில் இறந்தவரின் வாழ்க்கையை, சில சமயம் அவர் சமையல் குறிப்புகளைக்கூட அச்சடித்த புத்தகமாக இருக்கும்.

படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வந்து கொஞ்ச காலம் ஆனவர்களுக்குச் சொல்ல இன்னும் ஒன்று உண்டு. பேச்சு மொழி ஐந்து தொனிகளோடு கடினம்தான், ஆனால் எழுத்து நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மெய்யெழுத்துக்கள் 44. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாதது முதலில் கண்ணைக் கட்டும். மற்றபடி அந்த எழுத்து பழைய கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. உயிர்க்குறி மெய்யின் முன்னாலும் மேலும் கீழும் பின்னும் வரும். 'கெ'யில் கொம்பை முதலில் எழுதிவிட்டுப் பிறகு வரும் மெய்யோடு சேர்த்துப் படிக்கப் பழகிய நமக்கு, அங்கே அது விநோதமாகத் தெரியாது. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சில வாரங்களில் பலகைகளை எழுத்துக்கூட்டிவிடலாம்.

முதலில் உங்கள் தெருப் பெயர், பிறகு மூலைக் கடையின் உணவுப் பட்டியல், பிறகு மின்கட்டணச் சீட்டு என்று போங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீங்களே படித்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு விவரம் தெரிந்தவர் வேண்டும். போனில் மூன்று எண்களைப் பதிந்து வையுங்கள்: ஆம்புலன்ஸ் 1669, காவல் துறை 191, ஆங்கிலத்தில் பேசக்கூடிய சுற்றுலாக் காவல் துறை 1155.